தோற்றவர் ஒப்புதல்: பிரிட்டனின் ஐரோப்பிய வாக்கெடுப்புகளும் மக்கள் எதிர்வினையும் (1975–2020)

முன்னுரை

ஐரோப்பாவோடு இருப்பதா, பிரிவதா என்று பிரிட்டன் மக்களிடம் இரண்டு முறை கேட்கப்பட்டது. 1975 ஜூன் 5 அன்று, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் தொடரலாம் என்று 1,73,78,581 பேர் வாக்களித்தனர். 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1,74,10,742 பேர் வாக்களித்தனர். இரண்டு முறையும் வென்ற பக்கம் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் முதல் தீர்ப்பு வந்த மறுவாரமே நாடு வேறு கவலைகளுக்குத் திரும்பிவிட்டது. இரண்டாவது தீர்ப்பு மூன்றரை ஆண்டுகள் மனு, வழக்கு, ஊர்வலம், தேர்தல் என்று அலைந்தது.

இந்த வேறுபாட்டுக்குப் பலரும் சொல்லும் காரணம் வாக்கு வித்தியாசம்: 1975இல் வென்ற பக்கத்துக்கு 67.2 விழுக்காடு, 2016இல் 51.9 விழுக்காடு. இந்த விளக்கத்தை ஐயுற வைக்கும் சான்று பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிறது. 1997 செப்டம்பரில் வேல்ஸ் மக்கள் தங்களுக்குத் தனிப் பேரவை வேண்டும் என்று வாக்களித்தபோது ஆதரவு 50.3 விழுக்காடுதான், வித்தியாசம் 6,721 வாக்குகள். பேரவை பிறகு அமர்ந்த கார்டிஃப் நகரமே எதிர்த்து வாக்களித்திருந்தது. இருந்தும் தோற்ற பக்கம் விரைவில் அதை ஏற்றுக்கொண்டு பேரவைத் தேர்தலில் போட்டியிட்டது.

ஆகவே வித்தியாசத்தின் அளவைவிட, வென்ற விடைக்கு ஓர் உருவம் இருந்ததா என்பதே எதிர்வினையின் போக்கைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அரசியல் அறிவியலார் ‘தோற்றவர் ஒப்புதல்’ என்று கூறும் நிலை 2016க்குப் பின் எங்கெங்கே தடைப்பட்டது, எதனால் தடைப்பட்டது என்பதை இது காலவரிசையில் பின்தொடர்கிறது.

1975: எதையும் மாற்றாத வெற்றி

பிரிட்டன் 1973 ஜனவரி 1 அன்று கன்சர்வேட்டிவ் பிரதமர் எட்வர்ட் ஹீத் காலத்தில் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது. அடுத்து வந்த தொழிற்கட்சிப் பிரதமர் ஹெரால்ட் வில்சன், இந்த விவகாரத்தில் தம் கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்ததால், உறுப்புரிமை நிபந்தனைகளை மறுபடி பேசி முடித்து மக்களிடம் தீர்ப்புக் கேட்டார். அமைச்சர்கள் எதிரெதிர் மேடைகளில் பேசவும் அனுமதித்தார். முடிவு எங்கும் ஒரே மாதிரி வந்தது. ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் ஆகிய இரு பகுதிகள் மட்டுமே எதிர்த்து வாக்களித்தன. எதிர்ப்புப் பக்கத்தின் முதன்மைக் குரலான டோனி பென் தீர்ப்பை வெளிப்படையாக ஏற்றார். சில நாள்களிலேயே தொழில்துறை அமைச்சர் பொறுப்பிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றப்பட்டபோதும் அமைச்சரவையை விட்டு விலகவில்லை.

அன்று வென்றது நடைமுறையில் இருந்த ஏற்பாடு. அதை நிறைவேற்றப் புதிய சட்டமோ பேச்சுவார்த்தையோ தேவைப்படவில்லை. தோற்றவர்கள் தடுக்கக்கூடிய அடுத்த படி என்று ஒன்றும் இல்லை. அதற்காக அவர்கள் மனம் மாறிவிட்டதாகக் கொள்ள முடியாது. 1983 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி, மறு வாக்கெடுப்பு எதுவும் இல்லாமலே வெளியேறப் போவதாக அறிவித்தது. எட்டே ஆண்டுகளில் தோற்ற பக்கம் ஒரு பெரிய கட்சியையே தன் வசமாக்கியிருந்தது. அந்தத் தேர்தலில் கட்சி படுதோல்வி கண்டதும் இந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

1988இல் பிரதமர் மார்கரெட் தாட்சர் ப்ரூஜ் நகரில் ஆற்றிய உரைக்குப் பின் ஐரோப்பிய எதிர்ப்பு வலதுசாரிப் பக்கம் நகர்ந்தது. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை எதிர்த்து 1992–93இல் ஆளும் கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களே கலகம் செய்தனர். 1993இல் தோன்றிய ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி, 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் முதலிடம் பிடித்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2013 ஜனவரியில், பிரதமர் டேவிட் கேமரன் வாக்கெடுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

2016: முடிவு வந்த காலை

ஜூன் 24 காலை கேமரன் பதவி விலகலை அறிவித்தார். பவுண்டு, டாலருக்கு எதிராக 1985க்குப் பின் காணாத அளவுக்குச் சரிந்தது. ஒரே நாளில் வெவ்வேறு ஊர்களில் எழுந்த எதிர்வினைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் ஒன்றுவிடாமல் ஒன்றியத்தில் நீடிக்கவே வாக்களித்திருந்தன. முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் இரண்டாவது சுதந்திர வாக்கெடுப்புக்கு வாய்ப்பு மிக அதிகம் என்றார். லண்டன் தனி நாடாக வேண்டும் என்று மேயருக்கு விடுத்த மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் நீடிக்க விரும்பியிருந்தனர். அங்கே அயர்லாந்துப் பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பப் படிவங்கள் சில அஞ்சலகங்களில் தீர்ந்துபோயின.

வென்ற பகுதிகளிலும் பதற்றம் இருந்தது. கார்ன்வால் 56.5 விழுக்காடு வெளியேற வாக்களித்திருந்தது. ஐரோப்பிய நிதியுதவியைப் பெருமளவு நம்பியிருந்த மாவட்டம் அது. முடிவு வந்த அன்றே அதன் கவுன்சில், அந்த நிதி குறையாமல் கிடைக்கும் என்று அரசு உறுதி தர வேண்டும் எனக் கேட்டது. வெளியேறுவது என்றால் என்னென்ன போகும், என்னென்ன நிற்கும் என்ற கணக்கு எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை என்பது முதலில் தெரிந்தது இப்படித்தான்.

மனுவின் முரண்

அடுத்த சில நாள்களில் நாடாளுமன்ற இணையதளத்தில் இருந்த ஒரு மனு 40 லட்சம் ஒப்பங்களைத் தாண்டியது. வென்ற பக்கம் 60 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் வாக்குப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருந்தால் மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கை. இதைத் தொடங்கியவர் வெளியேறும் பக்கத்தை ஆதரித்தவர்; தம் பக்கம் தோற்றுவிடும் என்று எண்ணி, வாக்கெடுப்புக்கு முன்பே, மே மாதத்தில் பதிவேற்றியிருந்தார். அதே மே மாதத்தில் ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், 52–48 என்று தம் பக்கம் தோற்றால் அந்த விவகாரம் முடிந்ததாகாது என்று ஒரு நாளிதழிடம் கூறியிருந்தார். தோற்றால் ஏற்பதில்லை என்ற முன்னேற்பாடு எந்த ஒரு பக்கத்துக்கும் தனிச் சொத்தாக இருக்கவில்லை.

இத்தகைய வரம்புக்கு முன்னுதாரணமும் உண்டு. 1979இல் ஸ்காட்லாந்துப் பேரவைக்கு 51.6 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், மொத்த வாக்காளரில் 40 விழுக்காடு தேவை என்ற நிபந்தனையால் அத்திட்டம் வீழ்ந்தது. 2015ஆம் ஆண்டின் வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு வைக்கப்படவில்லை. முடிவை எப்படிச் செயல்படுத்துவது என்ற விதியும் இல்லை. அரசு மனுவை நிராகரித்தது. செப்டம்பர் 5 அன்று நடந்த விவாதம் எந்த விளைவும் இல்லாமல் முடிந்தது.

வாக்கில்லாதவர்கள்

எதிர்வினையின் இன்னொரு முகம் கசப்பானது. ஜூன் 26 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள போலந்து பண்பாட்டு மையத்தின் முகப்பில் இழிசொல் எழுதப்பட்டிருந்தது. செய்தி பரவியதும் அக்கம்பக்கத்தார் பூங்கொத்துகளும் வாழ்த்து அட்டைகளும் கொண்டு வந்து குவித்தனர். உள்துறை அமைச்சகக் கணக்கின்படி, 2016 ஜூலையில் இன, மத வெறுப்பு சார்ந்த குற்றங்கள் முந்தைய ஆண்டின் ஜூலையைவிட 41 விழுக்காடு கூடின.

இந்த வெறுப்புக்கு ஆளான ஐரோப்பியக் குடிமக்களில் பெரும்பாலோருக்கு வாக்களிக்கும் உரிமை இருக்கவில்லை. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்க்கும் அயர்லாந்து நாட்டவர்க்கும் அந்த உரிமை உண்டு. காமன்வெல்த்தைச் சேர்ந்த மால்டா, சைப்ரஸ் நீங்கலான பிற ஒன்றிய நாட்டவர்க்கு இல்லை. லண்டன் தமிழர் குடும்பங்களில் இது விசித்திரமான பிளவை உண்டாக்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்து, இன்னும் இலங்கைக் குடியுரிமையோடு இருந்தவர் வாக்களிக்கலாம். பாரிசிலோ டோர்ட்முண்டிலோ பல்லாண்டு வாழ்ந்து, பிரெஞ்சு அல்லது ஜெர்மன் பாஸ்போர்ட் பெற்றுப் பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்த அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வாக்களிக்க முடியாது. முடிவு வந்தபின் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தவரோ அந்த அண்ணன்தான்.

பிரிட்டனில் வாழும் ஒன்றியக் குடிமக்கள் சுமார் 30 லட்சம் பேர் என்பதே அன்றைய பொது மதிப்பீடு. 2021 ஜூன் 30 கடைசி நாளுக்குள் தங்குரிமைத் திட்டத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 60 லட்சத்தைத் தாண்டின. எத்தனை பேர் வாழ்வைத் தொடும் தீர்ப்பு என்பதே கேள்வி கேட்டபோது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

நீதிமன்றமும் வீதியும்

அடுத்த களம் நீதிமன்றம். வெளியேறும் அறிவிப்பை நாடாளுமன்ற ஒப்புதலின்றி அரசு கொடுக்க முடியாது என்று 2016 நவம்பர் 3 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுநாள் டெய்லி மெயில் மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு, அவர்களை மக்களின் எதிரிகள் என்று தலைப்பிட்டது. 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமும் எட்டுக்கு மூன்று என்ற கணக்கில் அதே முடிவுக்கு வந்தது. அதன்பின் நாடாளுமன்றம் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது: அறிவிப்புச் சட்டமுன்வரைவின் இரண்டாம் வாசிப்பில் 498 பேர் ஆதரித்தனர், 114 பேர் எதிர்த்தனர். ஒன்றியத்தில் நீடிக்க விரும்பிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் அன்று தோல்வியை ஏற்றிருந்தனர். மக்கள் முடிவை மதிக்கும் மனமில்லை என்று அந்த அவையைக் குற்றம் சாட்டுவது பொருந்தாது.

ஒப்புதல் உடைந்தது ஒப்பந்தத்தின் உருவம் வெளிவந்த பிறகுதான். 2019 ஜனவரி 15 அன்று பிரதமர் தெரசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் 432–202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் நீடிக்க விரும்பியவர்களும் இருந்தனர். இது போதிய வெளியேற்றம் அல்ல என்று கருதியவர்களும் இருந்தனர். மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகள் அவைமுன் வைக்கப்பட்டன, எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று சுங்க ஒன்றியத்தில் தொடரும் வழி வெறும் மூன்று வாக்குகளில் வீழ்ந்தது.

வீதியிலும் இதே நிலை. மார்ச் 23 அன்று மறு வாக்கெடுப்புக் கோரி லண்டனில் பேரணி நடந்தது. பத்து லட்சம் பேர் என்றனர் ஏற்பாட்டாளர்கள், அதில் பாதிக்கும் குறைவு என்றனர் மற்றவர்கள். வெளியேறும் அறிவிப்பையே திரும்பப் பெறக் கோரிய மனுவில் 61 லட்சம் ஒப்பங்கள் சேர்ந்தன. எதிர்ப்பக்கத்தில் சண்டர்லாந்திலிருந்து நடைப்பயணமாகக் கிளம்பியவர்கள், மார்ச் 29 அன்று, முதலில் குறிக்கப்பட்ட வெளியேற்ற நாளில், நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஏமாற்றத்தோடு கூடினர். வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் தங்கள் வாக்கு மதிக்கப்படவில்லை என்று முறையிட்டனர்.

இக்காலத்து மனநிலையை ஆராய்ந்த சாரா ஹோபோல்ட், தாமஸ் லீப்பர், ஜேம்ஸ் டில்லி ஆகியோர், கட்சிப் பற்றைப் போலவே வலுவான புதிய அடையாளங்களாக இவ்விரு பக்கங்களும் உருவெடுத்ததைக் காட்டினர். ஒருமுறை இட்ட வாக்கு, ‘நான் யார்’ என்பதற்கான விடையாகிவிட்டது.

தேர்தல் தந்த முடிவு

2019 டிசம்பர் 12 பொதுத்தேர்தலில், இழுபறியை முடித்துவைக்கிறேன் என்ற கன்சர்வேட்டிவ் பிரதமர் போரிஸ் ஜான்சனின் கட்சிக்கு 43.6 விழுக்காடு வாக்குகளும் 365 இடங்களும் கிடைத்தன. மறு வாக்கெடுப்பையோ நீடிப்பையோ ஆதரித்த கட்சிகள் சேர்ந்து ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்றன. ஆனால் அவை சிதறிக் கிடந்தன. மக்கள் மனம் மாறியதைவிட, தொகுதிவாரித் தேர்தல் முறையும் சலிப்புமே விவகாரத்தை முடித்தன எனலாம். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்குப் பிரிட்டன் வெளியேறியது.

வாதம் நின்றது, மதிப்பீடு நிற்கவில்லை. 2021க்குப் பின் யூகவ் கருத்துக் கணிப்புகளில் வெளியேறியது தவறு என்போரே தொடர்ந்து அதிகம். குடியேற்றம் குறையும் என்று நம்பி வாக்களித்தோர், 2023இல் ஓராண்டு நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியதைக் கண்டனர். துணைக்கண்டத்துச் சமையல்காரர்களை வரவழைப்பது எளிதாகும் என்ற பிரசாரத்தை நம்பிய கறி உணவக உரிமையாளர் சிலரும் ஏமாற்றப்பட்டதாக வெளிப்படையாகக் கூறினர். வென்ற விடைக்குள் ஒன்றோடொன்று ஒவ்வாத எதிர்பார்ப்புகள் அடங்கியிருந்ததன் விளைவு இது.

முடிவுரை

1997இல் வேல்ஸ் மக்கள் வாக்களிக்கும் முன்பே பேரவையின் அதிகாரம் என்ன என்பது அரசின் வெள்ளை அறிக்கையில் வெளியாகியிருந்தது. 1975இல் வென்ற ஏற்பாடு ஏற்கெனவே நடப்பில் இருந்தது. இரண்டிலும் தோற்றவர்கள் தாம் எதனிடம் தோற்றோம் என்று அறிந்திருந்தனர். 2016இல் தோற்றவர்களுக்கும் அது தெரியவில்லை; வென்றவர்களுக்கும் எதை வென்றோம் என்பதில் உடன்பாடில்லை. மூன்றரை ஆண்டுப் போராட்டத்தைத் தோற்றவர்களின் பிடிவாதம் என்று மட்டும் எழுதும் வரலாறு இதனால்தான் குறைபடுகிறது.

இதற்கு மாற்று முறை இல்லாமலில்லை. நியூசிலாந்து 1992இல் தேர்தல் முறையை மாற்றலாமா, எந்த முறைக்கு மாற்றலாம் என்று மக்களைக் கேட்டது. அதில் முன்வந்த முறையைப் பழைய முறைக்கு எதிரே நிறுத்தி 1993இல் இறுதித் தீர்ப்புக் கேட்டது. பிரிட்டனில் வெளியேற்றத்தின் தீவிர ஆதரவாளரான ஜேக்கப் ரீஸ்-மாக் கூட 2011 நாடாளுமன்ற விவாதத்தில் இரண்டு வாக்கெடுப்புகள் நடத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவர்தான். ஸ்காட்லாந்துச் சுதந்திரமும் அயர்லாந்து ஒருங்கிணைப்பும் இன்னும் பேச்சில் இருக்கின்றன. அடுத்த வாக்குச்சீட்டை அச்சடிப்பவர்கள், ‘ஆம்’ என்ற விடை மறுநாள் காலை எந்தச் சட்டமாகும், யாருடைய குடியுரிமையைத் தொடும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால், தோற்றவர்களிடம் ஒப்புதல் கேட்கும் தகுதி அவர்களுக்கு இருக்கும்.