பிரூனி எந்தத் தண்ணீரில் அளந்தார்?



அல் பிரூனியின் பெயரைச் சொன்னதும் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர் என்று பெருமைப்படுகிறோம். அவர் தண்ணீரை அளந்த விதத்தை நாம் அதிகம் பேசுவதில்லை.

973இல் குவாரிஸ்மில் பிறந்த பிரூனி, உலோகங்களினதும் இரத்தினக் கற்களினதும் சாரடர்த்தியைக் கண்டறிய ஒரு கூம்புப் பாத்திரம் செய்தார். அதன் பக்கத்தில் ஒரு சிறு குழாய். குழாய் மட்டம் வரை நீர் நிரப்பி, நிறுத்த பொன்னை உள்ளே இடுவார். வழிந்து வரும் நீரையும் நிறுப்பார்.

அவருக்குப் பின், மெர்வ் நகரில் வாழ்ந்த அல் காஸினி 1121இல் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூலை எழுதினார். சுல்தான் சஞ்சரின் திறைசேரியில் கலப்படப் பொன்னையும் போலிக் கற்களையும் பிடிக்க உதவும் நீர்த்தராசு பற்றிய நூல் அது. பிரூனியின் அளவீடுகளை அதில் எடுத்தாளும் காஸினி, அவை எங்கே, எப்போது செய்யப்பட்டன என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்: ஜுர்ஜானியா நகரம், ஜைஹூன் ஆற்று நீர், இலையுதிர் காலத்தின் தொடக்கம்.

இதை ஏன் எழுத வேண்டும்? நீர் இடத்துக்கு இடம் வேறுபடும். கோடையில் ஒரு விதம், குளிரில் ஒரு விதம். பொன்னும் தராசும் அதேதான் என்றாலும் நீர் மாறினால் விடையும் மாறும். அந்த விடையை நம்பித்தான் ஒருவரின் பொன் நல்லதா, கலப்படமா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

இன்று இதை எண்ணிலேயே காட்டலாம். 20 பாகை செல்சியஸில் 100 மில்லிலீற்றர் இருக்கும் நீர், 30 பாகையில் ஏறக்குறைய கால் மில்லிலீற்றர் கூடிவிடும். ஆய்வுகூடக் குழாயிகளிலும் அளவிகளிலும் பொதுவாக 20 பாகை என்று பொறித்திருப்பது அதனால்தான். நம் ஊர் வகுப்பறையோ பகலில் 30 பாகையைத் தாண்டிவிடுகிறது.

ஆனால் நம் பிள்ளைகளின் செயன்முறைக் கொப்பிகளில் விடை இருக்கிறது, அன்றைய வெப்பநிலை இல்லை. சிலவேளை விடையும் பக்கத்து மேசையிலிருந்து வந்ததாக இருக்கும்.

அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் சூரா அல் முதஃப்பிபீனை நாம் சந்தைக்கு மட்டும் உரியதாக நினைக்கிறோம். ஆய்வுகூடத்திலும் அளவு ஓர் அமானத்துதான். எந்த நீர், எந்தச் சூடு, எந்த நாள் என்று எழுதிவைத்தால், அடுத்தவர் அதே அளவீட்டைச் செய்து நம்மைச் சரிபார்க்க முடியும்.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.