எச்-குறியீடும் துறைவழி வகுத்தியும்: ஜி.என். ராமச்சந்திரனின் இரு கட்டுரைகளை முன்வைத்து

மேற்கோள் எண்ணிக்கையைத் துறைச் சராசரியால் வகுத்துவிட்டால் உயிரியலாரையும் இயற்பியலாரையும் ஒரே தராசில் நிறுத்தலாம் என்பது அறிவியல் அளவியலில் ஏறத்தாழ முடிந்த முடிபாகிவிட்டது. இதற்கு ஆதரவாக, எச்-குறியீட்டை முன்மொழிந்து ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் எழுதிய கட்டுரையின் ஒரு பத்தி காட்டப்படுகிறது. அப்பத்தி இம்முடிபுக்கு இடம் தரவில்லை என்பது என் வாசிப்பு.

ஹிர்ஷின் பட்டியல்களில் இயற்பியலின் முதலிடம் எட்வர்ட் விட்டனுக்கு (110). உயிர் அறிவியலில் சாலமன் ஸ்னைடருக்கு (191). இவ்வேறுபாட்டை வெறும் அளவுகோல் வேறுபாடாகக் கொள்கிறது முன்னைய வாசிப்பு. ஹிர்ஷ் மூன்று காரணங்கள் சொல்கிறார்: ஒரு கட்டுரை சராசரியாக எத்தனை ஆக்கங்களைச் சுட்டுகிறது, ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதுகிறார், துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள். மூன்றாவதைச் சொன்ன கையோடு, பெரிய துறையில் மேற்கோள்களைப் பங்கிட்டுக்கொள்வோரும் மிகுதி என்பதால் குறியீடு கூடியே தீர வேண்டும் என்பதில்லை என்று அடைப்புக்குறிக்குள் தளர்த்துகிறார். மூன்றும் எண்ணத்தக்கவை, ஆகவே வகுத்துவிடலாம் என்று முன்னைய வாசிப்பின் வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் பத்தி அங்கே நிற்கவில்லை. பெருவழக்கில் இல்லாத பகுதிகளில் உழைப்போர், எல்லோரும் மொய்க்கும் பகுதிகளின் முன்னணியினரது எண்களை எட்டமாட்டார்கள் என்கிறது அடுத்த வாக்கியம். இவ்வேறுபாடு ஒரு துறைக்குள்ளேயே இருக்கக்கூடியது. துறைச் சராசரியால் வகுத்தால் மறையாது. தவிரவும், ஓர் ஆய்வாளருக்கு ஒரு துறைதான் என்ற எடுகோள் பத்தி முழுவதும் ஓடுகிறது. ஹிர்ஷ் அதை நிறுவவில்லை. அவர் பட்டியலிட்டவர்களைப் பொறுத்தவரை நிறுவ வேண்டிய தேவை எழவில்லை போலும்.

ராமச்சந்திரனைப் பொறுத்தவரை எழுகிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட ஐந்து பக்கக் கட்டுரை ஒரு மூலக்கூற்று உயிரியல் இதழில் வந்தது. உள்ளே இருப்பதோ வடிவியல்: அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காதபடி புரதச் சங்கிலியின் ஃபை, சை என்னும் இரு கோணங்கள் எம்மதிப்புகளை ஏற்கலாம் என்ற கணக்கு. இன்று புரதக் கட்டமைப்பை அறிவிக்கும் கட்டுரைகளின் முதல் அட்டவணையில், பெரும்பாலும் கடைசி வரிகளில், அவர் பெயரின்கீழ் ஏற்புடைய பகுதியில் எத்தனை விழுக்காடு, விலகியவை எத்தனை விழுக்காடு என்ற எண்கள் நிற்கும். மேற்கோள் பெரிதும் போய்ச் சேர்வது அவற்றைக் கணக்கிட்டுத் தந்த ப்ரோசெக், மால்ப்ராபிட்டி போன்ற மென்பொருள்களின் கட்டுரைகளுக்கு. மூலக் கட்டுரைக்கான மேற்கோள் இப்படிக் கரைந்துபோவதைச் சமூகவியலாளர் மெர்ட்டன் எப்போதோ விளக்கிவிட்டார், பெயர்ச் சுட்டல்களையும் எண்ணிக் கூட்டினால் போதாதா என்பார்கள். போதாது. கூட்டியதை எதனால் வகுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அக்கேள்வியின் வலு, லட்சுமிநாராயணனுடன் 1971இல் எழுதிய கட்டுரையில்தான் முழுதாகத் தெரிகிறது. எக்ஸ்கதிர்ப் படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவை ஃபூரியே மாற்றமின்றி மீட்கும் வழி அது. வெளிவந்த இடம் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழ். ஹிர்ஷின் கட்டுரை பின்னாளில் வந்ததும் அதிலேதான். பல துறைகளுக்கும் பொதுவான இதழ் என்பதால் அதைக்கொண்டு துறையைத் தீர்மானிக்க வழியில்லை. கட்டுரையை வைத்தே தீர்மானிக்கலாம் என்பது அண்மைத் திருத்தம். எந்தப் பக்கமிருந்து? தலைப்பு நுண்படங்களைச் சொல்கிறது; கையில் எடுத்துக்கொண்டவர்கள் சிடி ஸ்கேன் பொறியாளர்கள். மேட்லாபில் தலைகீழ் ராடான் மாற்றத்துக்கான கட்டளையில் வடிகட்டி எதையும் குறிக்காமல் விட்டால், தானாக வந்து அமர்வது இவ்விருவர் பெயரால் அமைந்த ‘ராம்-லாக்’. பொருளைக் கொண்டு வகுத்தால் ஒரு மதிப்பு, பயனைக் கொண்டு வகுத்தால் மற்றொன்று. ஆக, வகுத்தி தரவுக்குள் இருப்பதன்று, மதிப்பிடுபவர் தேர்ந்து வைப்பது.

இரு கட்டுரைகளைக் கொண்டு எல்லாத் துறைகளுக்கும் விதி எழுத முடியாது என்பதை அறிவேன். ஆனால் ராமச்சந்திரன் விதிவிலக்கு என்ற மறுப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விதிவிலக்கானவர்களை அடையாளம் காணத்தானே குறியீடு வேண்டும் என்கிறோம். அவருக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று இது. ஏறத்தாழ இதே கணித வழியை பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இல் வானொலி வானியலுக்காக எழுதியிருந்தார்கள். யார் முந்தி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அவர்கள் கட்டுரை வந்தது வானியற்பியல் இதழில் என்பதால், இதழ்வழிச் சீராக்கத்தில் அதன் மேற்கோள்கள், மருத்துவப் படிமவியலார் தந்தவை உட்பட, வானியற்பியலின் சராசரியால் வகுபடும்.