கோடைமலையில் சாய்ந்த ஒரு கோடு

தாது வருஷத்துப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடிச் சென்ற பிறகு, மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு விடை தேடியவர்களிற் சிலர், ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருகிற சூரியனின் கரும்புள்ளிகளைச் சந்தேகத்துடன் நோக்கினார்கள். அந்தச் சந்தேகமும் ஒரு காரணமாக, 1792 முதல் நுங்கம்பாக்கத்தில் நடந்துவந்த வானாராய்ச்சி, சமவெளிப் புழுதியும் புழுக்கமும் எட்டாத பழனி மலைக்கு ஏறியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் போதித்த மிச்சி ஸ்மித் என்பார் தேர்ந்த இடத்தில், கடல் மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே, 1899-இல் கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது.

அங்கே 1907-இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், நிறமாலைக் கருவிகளைத் தாமே சமைத்துக்கொள்ளும் கைத்தேர்ச்சி உடையவர். மறு ஆண்டே, அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையிலிருந்து ஜார்ஜ் ஹேல், கரும்புள்ளிகளுக்குள் வலிய காந்தப் புலம் இருப்பதைக் கண்டறிந்தார். அவற்றைச் சூழ்ந்த வாயுவின் சுருள்வடிவைக் கண்டவர்கள், புள்ளி ஒவ்வொன்றும் ஒரு பெருஞ்சுழல் என்றே எண்ணினார்கள். எவர்ஷெட்டும் சுழற்சியைத்தான் தேடினார்.

1909 ஜனவரி 5-ஆம் நாள் எடுத்த நிறமாலைப் படங்களோ வேறு கதை சொல்லின. புள்ளியின் குறுக்கே சென்ற கருங்கோடுகள், நேராக நிற்க வேண்டியவை, புள்ளியின் கரிய நடுவைச் சூழ்ந்த புறநிழற் பகுதியில் மயிரிழையளவு சாய்ந்திருந்தன: சூரிய வட்டத்தின் மையத்தை நோக்கிய பக்கத்தில் நீலத்தை நோக்கியும், விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பை நோக்கியும். நம்மை நோக்கி வருகிற வாயுவின் ஒளி நீலத்தின் பக்கமும், விலகுகிற வாயுவின் ஒளி சிவப்பின் பக்கமும் நகரும் என்ற விதியைக்கொண்டு பார்த்தால், வாயு சுழலவில்லை; புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும் மேற்பரப்பை ஒட்டி, விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாய்கிறது. எதிர்பார்த்ததை விட்டுக் கண்டதை நம்பிய அந்த நேர்மையையே நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன். அதற்கு இன்றளவும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

அந்த ஓட்டத்தின் காரணம் நெடுங்காலம் பிடிபடவில்லை. சூரியனில் இருப்பது சாதாரண வாயு அன்று, மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மா. காந்தக் கோடுகளுக்கும் அதற்கும் பிரிக்கவொண்ணாத பிணைப்பு உண்டு. கீழிருந்து கொதித்தெழும் வெப்பக் கிளர்ச்சியைப் புள்ளியின் நடுவில் செங்குத்தாக நிற்கும் புலம் அடக்கிவிடுகிறது. ஆதலால்தான் அங்கே குளிர்ந்து கருத்திருக்கிறது. புறநிழலில் புலம் படுத்துச் சாய்ந்திருப்பதால், எழுந்த பிளாஸ்மா அதன் வழியே வெளிப்புறமாக இழுபட்டு ஓடிப் பின் அமிழ்கிறது என்பது இக்காலத்தார் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம்.

மழைக்கும் புள்ளிக்கும் திட்டமான உறவு எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் வானம் தெளிந்த நாளிலெல்லாம் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் நூறாண்டைக் கடந்தும் தொடர, கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களுமாக அங்கே சேர்ந்தவை கணினிக்கு மாற்றப்பட்டு, பாட்டன் காலத்துப் புள்ளிகளை இன்றைய ஆராய்ச்சியாளர் அளந்துகொண்டிருக்கிறார்கள்.