சோர்வு எப்போது சோம்பல் ஆயிற்று?

தமிழ்க் கத்தோலிக்கர் ஞானோபதேசத்தில் படிக்கும் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று சோம்பல். அந்த இடத்தில் முதலில் இருந்த சொல் வேறு. கிரேக்கத்தில் அது 'அக்கேதியா'. அக்கறை, கவலை என்னும் பொருளுள்ள 'கேதோஸ்' என்ற சொல்லின் முன் எதிர்மறை 'அ' சேர்ந்து பிறந்தது. ஹோமரின் காவியத்தில் இதன் உறவுச்சொல், அடக்கம் செய்யப்படாமல் கேட்பாரற்றுக் கிடக்கும் ஹெக்டரின் உடலைக் குறிக்கிறது. அதில் பழி ஏதும் இல்லை. எபிரேய வேதம் கிரேக்கத்துக்கு வந்தபோது, 119ஆம் சங்கீதத்தின் 28ஆம் வசனத்தில் இச்சொல் இடம்பெற்றது. எபிரேயத்தை ஒட்டிச் செல்லும் நம் பழைய வேதாகமத்தில் அங்கே ஆத்துமா சஞ்சலத்தால் கரைகிறது. கிரேக்கத்திலோ அக்கேதியாவால் கண்ணயர்கிறது. இரண்டிலும் வசனத்தின் பிற்பாதி தேவனிடம் பலம் கேட்கிறது. நான் சொல்ல வருவது இந்த ஒரு வசனத்திலேயே அடங்கியிருக்கிறது. சோர்வை உதறிவிட்டு வந்தால்தான் ஜெபிக்கலாம் என்ற நிபந்தனை இங்கே இல்லை. சோர்வைச் சொல்வதே ஜெபத்தின் முதற்பாதி.

இச்சொல்லுக்கு உடலும் முகமும் கொடுத்தவர் எவாக்ரியுஸ். கருங்கடல் ஓரத்துப் பொந்துவில் பிறந்து, எகிப்தின் பாலைவனத்தில் நித்ரியாவிலும் கெல்லியாவிலும் துறவியாக வாழ்ந்து, 399இல் இறந்தவர். அக்கேதியாவை அவர் 'நண்பகல் பேய்' என்றார். அந்தப் பெயரும் கிரேக்கச் சங்கீதத்திலிருந்தே வந்தது. அது துறவியைப் பிடிக்கும் நேரத்தையும் குறித்திருக்கிறார்: காலை பத்து மணி அளவில் தொடங்கி இரண்டு மணி வரை. சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும். பகல் ஐம்பது மணி நேரமாக நீளும். துறவி குடிலின் சாளரத்தையே பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டுக்குரிய மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று வெயிலை அளப்பார். யாராவது வருகிறார்களா என்று சுற்றிப் பார்ப்பார். இருக்கும் இடமும் செய்யும் கைவேலையும் வெறுத்துப்போகும். தன்மேல் அன்பு வைக்க ஒருவரும் இல்லை என்று படும். இத்துறவிகளை வேலையற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. பாயும் கூடையும் கயிறும் பின்னி விற்றுத்தான் அவர்களில் பலர் பிழைத்தார்கள். உழைப்பவரைப் பிடிக்கும் நோயாகவே அக்கேதியாவை அந்தப் பாலைவனம் அறிந்திருந்தது.

அதற்குச் சொன்ன மருந்துகளும் சிறியவை. வனத்து அந்தோணியார் அக்கேதியாவால் வாடித் தேவனிடம் முறையிட்டதாக மரபு கூறுகிறது. அப்போது தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதையும், எழுந்து ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து கயிறு பின்னுவதையும் கண்டார். இப்படியே செய் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். பெரிய தரிசனமோ திடீர் உற்சாகமோ தரப்படவில்லை. கை கொஞ்சம், முழங்கால் கொஞ்சம் என்று நாளைத் துண்டாக்கிக் கடக்கும் ஒழுங்கு தரப்பட்டது. விசுவாசம் தரும் பலம் என்பதை நம் பிரசங்க மேடைகள் பெரும்பாலும் எழுச்சியாகவே வர்ணிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. எழுந்து நிற்கவே தெம்பில்லாதவருக்கு அந்தோணியாரின் கயிறுதான் எட்டும்.

பிறகு சொல் மேற்கே போனது. துறவி கசியான் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் துறவிகளுக்காக இதை லத்தீனில் விளக்கியபோது, வேலை செய்யாமை என்ற பக்கம் தூக்கலாகத் தெரியத் தொடங்கியது. 604இல் இறந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் தம் பாவப் பட்டியலில் அக்கேதியாவுக்குத் தனி இடம் தராமல் துயரத்தோடு சேர்த்தார். இடைக்காலத்தில் அது திரும்பி வந்தது; போகப்போக வேலைக்குச் சுணங்குபவரைச் சாடும் சொல்லாகச் சுருங்கியது. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமையார் அதை ஓய்வுநாள் கட்டளையை மீறும் பாவம் என்றார், மனம் தேவனில் இளைப்பாற மறுப்பதால். சோம்பலென்று நாம் படிக்கும் பாவம், அவர் கணக்கில் ஓய்வுக்கு எதிரானது!

எவாக்ரியுஸே இதைத் தீய எண்ணங்கள் எட்டில் ஒன்றாகத்தானே வைத்தார், பின்வந்தவர்கள் பாவம் என்றதில் என்ன பிழை என்று கேட்கலாம். அந்த எண்ணங்கள் நம்மை அலைக்கழிப்பதும் விடுவதும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் என்று அவரே பிரித்திருக்கிறார். சோர்வு வருவது அவர் பார்வையில் குற்றமல்ல. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: மனச்சோர்வு நோயாளியிடம் ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிடலாமா? கூடாது. வேதமே அப்படிச் செய்யவில்லை. இராஜாக்களின் முதல் புத்தகம் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டுப் படுத்தபோது, தூதன் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கினார். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், போகவேண்டிய தூரம் அதிகம் என்ற காரணத்தோடு. கண்டிப்பு ஒரு வார்த்தைகூட இல்லை. பிறகு ஓரேப் மலையில், தான் ஒருவனே மிஞ்சியதாக அவர் புலம்பியதற்கு, பாகாலுக்கு முழங்கால் முடங்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அவருடைய ஸ்தானத்துக்கு எலிசாவை அபிஷேகம் பண்ணும்படி கட்டளையும் வந்தது. உணவு, தூக்கம், துணைக்கு ஒரு ஆள் என்ற இந்த வரிசையில் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ள விசுவாசத்தில் எந்தத் தடையும் இல்லை.