மன்னிப்பின் எல்லை: திருக்கோணமலையும் 1987 உடன்படிக்கையும்



திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் ஆழத்தைச் சொல்லுவர். கோணேசர் கோயில் நிற்கும் மலையைச் சொல்லுவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதற்காகப் போரிட்டதைச் சொல்லுவர். ஆனால் அத்துறைமுகத்தின் பெயரும் அரசியற் குற்றவாளிகளுக்கான பொதுமன்னிப்பும் ஒரே உடன்படிக்கையால் பிணைக்கப்பட்ட செய்தியை நினைவுகூர்வார் சிலரே.

1987 யூலை 29 அன்று கொழும்பில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையே அது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்கள், இந்தியாவின் நலனுக்கு ஊறு விளைக்கும் வகையில் திருக்கோணமலையை எந்த நாட்டுப் படைக்கும் அளிப்பதில்லை என்றும், அங்குள்ள எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகச் சீரமைப்பதென்றும் கூறின. உடன்படிக்கையின் உடலிலோ, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டோருக்கும், குற்றஞ் சாட்டப்பட்டோருக்கும், தண்டிக்கப்பட்டோருக்கும், போராளிகளுக்கும் சனாதிபதி பொதுமன்னிப்பு வழங்குவார் என்று எழுதப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை சனாதிபதிக்குத் தரும் மன்னிப்பதிகாரம், நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்கே உரியது. உடன்படிக்கை தந்த வாக்கோ, நீதிமன்றத்தின் வாயிலையே மிதியாதவரையும் தழுவியது. ஆகவே யார் என்ன செய்தார் என்பது தெளிவுபடுமுன்னரே மன்னிப்பு வந்து நின்றது.

அவ்வாறு நின்றமையின் இடர் விரைவிலே தெரிந்தது. உடன்படிக்கைக்கு மூன்று மாதங்களுக்கு முன், 1987 ஏப்ரல் 17 அன்று, பெரிய வெள்ளிக்கிழமையில், ஹபரணைக்கும் திருக்கோணமலைக்கும் இடைப்பட்ட வீதியிலே பேருந்துகள் மறிக்கப்பட்டு, சிங்களப் பயணிகள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். விடுதலைப் புலிகளின் திருக்கோணமலைத் தளபதி புலேந்திரனே இதற்குப் பொறுப்பென அரசு குற்றஞ் சாட்டியது. ஒக்டோபர் முற்பகுதியில், பருத்தித்துறைக் கடலில் அவரும் குமரப்பாவும் உள்ளிட்ட பதினேழு பேர் கடற்படையிடம் அகப்பட்டனர். பொதுமன்னிப்பு இவர்களையும் காக்கும் என்றனர் புலிகள். படகில் ஆயுதம் இருந்தது உடன்படிக்கைக்குப் பிந்திய புதுக்குற்றம், கொழும்பிற்கே கொண்டு செல்வோம் என்றது அரசு. ஒக்டோபர் 5 அன்று பலாலியில், தடுப்பில் இருந்தபடியே நஞ்சருந்திப் பன்னிருவர் மாண்டனர். அடுத்துக் கிழக்கிலே சிங்கள மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். புலிகளின் பிடியிலிருந்த சிப்பாய்களும் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 10 முதல் இந்தியப் படையுடன் போர் மூண்டது. அமைதியைத் தரவந்த வாக்கு, அதன் எல்லை வரையப்படாமையால், புதியதோர் போருக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

இதனால் மன்னிப்பே கூடாதென யான் சொல்ல வரவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்காகத் தண்டிக்கப்பட்ட ரோகண விஜேவீர 1977இலே விடுவிக்கப்பட்டார். பின்னர் தேர்தலிலும் நின்றார். பத்தாண்டு கழிய அவரது கட்சி மறுபடியும் ஆயுதம் ஏந்தியது என்பதும் உண்மைதான். மன்னிப்புக்குப் பின் வந்ததெல்லாம் மன்னிப்பால் வந்ததென்று கொள்வது நேர்மையன்று.

என் குறையெல்லாம், மன்னிப்பை ஒருவர் தனியே, காரணங் கூறாது, இழந்தவரைக் கேளாது வழங்குவதைப் பற்றியதே. 2000ஆம் ஆண்டு மிருசுவிலிலே சிறார் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரணதண்டனை பெற்ற சார்ஜன் சுனில் ரத்நாயக்க, அத்தண்டனையை உயர் நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்த பின்னரும், 2020 மார்ச்சில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்சவால் விடுவிக்கப்பட்டார். மறுபுறம், அரசியற் பகையில் நிகழ்ந்த கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட துமிந்த சில்வாவுக்கு அதே சனாதிபதி 2021இல் அளித்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 சனவரியில் செல்லாதென்றது. விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் கருத்து, நீதி அமைச்சரின் பரிந்துரை என்னும் படிகள் மரணதண்டனை வழக்கிலே வீண் சம்பிரதாயங்களல்ல என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. சனாதிபதியின் கருணைக்கும் கணக்குண்டு என்று மன்று சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதல்.

எனினும் திருக்கோணமலை மாவட்டத்தார்க்கு இவ்வாறுதல் எட்டாத தொலைவிலே நிற்கிறது. 1996 பெப்ரவரி 11 அன்று குமாரபுரத்திலே இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். குற்றஞ் சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரும் 2016 யூலையில் அநுராதபுர மேல் நீதிமன்றத்தால் விடுதலையாயினர். 2006 சனவரி 2 அன்று நகரின் கடற்கரையோரத்தில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கின் சந்தேகநபர் பதின்மூவரையும் திருக்கோணமலை நீதவான் 2019 யூலையில் விடுவித்தார். மன்னிப்பு வழங்கலாமா என்று அவ்வீட்டாரிடம் கேட்பதற்கே இடமில்லை. தண்டனை பெற்றவர் எவரும் இலர்.