மேலணிக்கலம்

இரத்மலானையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளையின் கொப்பியில் ‘மேலணிக்கலம்’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். தமிழகத்துப் பிள்ளை அதையே ‘எபிதீலிய செல்’ என்று எழுதும். நம் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்லன்பரே. ‘மேல்’ நீங்க, நடுவிலுள்ள ககர ஒற்றும் நீங்க, ‘அணிகலம்’ என்ற பழைய வினைத்தொகை ஒளிவிடுகிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்து உடற்கூற்றறிஞர் பிரெடரிக் ருய்ஷ் கிரேக்கத்தின் ‘எபி’யையும் முலைக்காம்பைக் குறிக்கும் ‘தேலே’யையும் கூட்டி எபிதீலியத்துக்குப் பெயரிட்டார். நம்மவர் ‘எபி’யை மேலாக்கி, காம்பை விட்டு, ‘அணி’யைச் சேர்த்தனர். அணி நகை, அணி வரிசையும்கூட. குடலின் உட்சுவரில் தோளோடு தோள் சேர நிற்கும் கலங்களுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எது?

இனிக் ‘கலம்’. 1665இல் இராபர்ட் ஊக் தக்கையில் கண்டவற்றுக்குச் சிற்றறை என்று பொருள்படும் பெயரை இட்டார். நாம் அறையை எடுக்கவில்லை. உண்கலமும் மரக்கலமுமாய், கொள்வதும் கொண்டுசெல்வதுமாய் வழங்கிய சொல்லை எடுத்தோம். அது எவ்வளவு சரி! கலத்துக்குள் அகமுதலுருச் சிறுவலையில் பிறந்த புரதங்கள் கொல்கியுடலில் தரம் பிரிந்து, புடகங்களாகிய சின்னஞ்சிறு கலங்களில் ஏறி, சில உச்சிக்கும் சில அடிக்கும் பக்கத்துக்கும் போகின்றன. சேர்ந்த பின் இரண்டும் கலவாதபடி இறுக்கச் சந்திகள் தடுக்கின்றன. உச்சி வேறு அடி வேறு என்ற அந்த நிலையே முனைவு.

அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் அமைந்த இதே இரத்மலானையில், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு மருந்துக்கடையில் நீரில் கரைத்துக் கொடுக்கும் உப்புப்பொடியான ‘ஜீவனி’ வாங்குகிறோம். வடசொல்தான், நம் சீவியத்துக்கும் சீவனத்துக்கும் உறவு. கரைசலின் குளுக்கோசையும் சோடியத்தையும் உச்சியிலுள்ள புரதம் உள்ளே ஏற்ற, அடியிலும் பக்கத்திலுமுள்ள பம்பி சோடியத்தை இரத்தப் பக்கம் தள்ள, நீர் பின்தொடர்கிறது. முனைவு குலைந்து பம்பியும் உச்சிக்கே போய்ச் சேர்ந்தால் ஏறிய சோடியம் மீண்டும் குடலுக்கே கொட்டும்.

உச்சியில் நிற்கும் அந்தப் புரதத்தை நம் பாடநூல் வழக்கு ‘காவி’ என்கிறது. காவிநிறம் அன்று, “அந்தப் பையைக் காவிக்கொண்டு வா” என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தக் காவுதல். தோளில் சுமக்கும் தண்டு ‘கா’, அதிலிருந்தே காவடி. குடலின் காவி ஒவ்வொரு தடவையும் ஒரு குளுக்கோசோடு இரண்டு சோடியத்தைக் காவுகிறது.