எட்டுத் தந்திகளோடு நாடு கடந்தவர்: டேவ் அப்போலன்

மண்டலின் என்றதும் நமக்கு ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். நான் இங்கு எழுத விரும்புவது அவருக்கு முந்திய, நம்மவர் அதிகம் அறியாத இன்னொரு மண்டலின் கலைஞரைப் பற்றி.

டேவ் அப்போலன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அன்றைய ரஷ்யப் பேரரசின் கியேவ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1917 புரட்சியும் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் இலட்சக்கணக்கானோரை நாட்டைவிட்டு வெளியேற்றின. அவரும் ஆசியா ஊடாக அமெரிக்கா சென்றடைந்தார்.

மண்டலினில் இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். சுருதி வயலினுடையது. ரஷ்யாவின் டொம்ரா உருண்டை வயிறு கொண்டது. பொதுவாக மூன்று ஒற்றைத் தந்திகள். இரண்டையும் சிறு வில்லையால் மீட்டுவார்கள். தந்தியின் ஒலி விரைவில் அடங்கிவிடுவதால், சுரத்தை நீட்ட வில்லையை மேலும் கீழும் வேகமாக ஓட்ட வேண்டும். முக்கோண வடிவான பலலைக்காவைப் பெரும்பாலும் விரலால் வாசிப்பார்கள். ஒரு காலத்தில் குடியானவர்களின் கருவியாக இருந்த அதனை, 1880களில் வசீலி அந்திரேயேவ் திருத்தியமைத்து நகர மேடைக்குக் கொண்டுவந்தார்.

அப்போலன் மண்டலினுடன் பலலைக்காவும் வாசித்தார். பாட்டும் நகைச்சுவையும் வித்தைகளும் கலந்த வோடவில் அரங்குகளே அவரது பிழைப்பு. பிலிப்பைன்ஸ் கலைஞர்களைக் கொண்ட தந்தி வாத்தியக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். தனது ரஷ்ய உச்சரிப்பையே நகைச்சுவையாக்கினார். அகதியின் பேச்சைக் கேட்டுச் சிரிக்க வந்த கூட்டம், அவர் வாசிக்கத் தொடங்கியதும் அமைதியாகியிருக்கும் என்றே எண்ணுகிறேன். ‘ரஷ்யன் ராக்’ இசைத்தட்டைக் கேட்டால் அது ஏனென்று புரியும்.

சினிமாவும் வானொலியும் வோடவிலை வீழ்த்தின. பிற்காலத்தில் லாஸ் வேகாஸ் கேளிக்கை மேடைகளில் வாசித்த அவர், 1972இல் அங்கேயே காலமானார். அமெரிக்க மண்டலின் கலைஞர் டேவிட் கிரிஸ்மன் பழைய ஒலிப்பதிவுகளைத் திரட்டி மறுபடி வெளியிட்டதாலேயே புதிய தலைமுறை அவரைக் கேட்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப்படுவது அந்த ஒலிப்பதிவுகள்தான். போர் நம்மிடமிருந்தும் பல கலைஞர்களைப் பிரித்துவிட்டது. எஞ்சியிருக்கும் அண்ணாவிமாரும் பறை, உடுக்குக் கலைஞர்களும் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவுசெய்து, பெயரும் ஊரும் திகதியும் எழுதி வையுங்கள். கருவியைப் பின்னர் செய்துகொள்ளலாம். அந்தக் கையின் வாசிப்பை மீண்டும் பெறமுடியாது.